கிராம சபையும் என் ஆய்வும்

(முனைவர் பட்ட ஆய்வு மாணவர், அரசியல் அறிவியல் துறை)

முன்னுரை

ஆய்வு என்றவுடன் நூலகமும் தடித்த நூல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆய்வில் சேர்ந்தபோது நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் எனக்கு முதற்பாடம் கற்பித்தது நூலன்று. எங்கள் ஊராட்சியின் வருகைப் பதிவேடு. அந்த அனுபவத்தை, நாளை ஆய்வில் ஈடுபட இருக்கும் மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

கற்ற கல்வி

எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டியவன் நான் ஒருவனே. இக்கல்லூரியில் இளங்கலை வரலாறு படித்தேன். முதுகலையில் அரசியல் அறிவியலுக்கு மாறினேன். அரசியலமைப்பு வகுப்பில் கேட்ட ஒரு விவாதமே அதற்குக் காரணம். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், கிராமத்தை அரசியலின் அடிப்படையாகக் கொள்வதைக் கடுமையாக எதிர்த்தார். குறுகிய மனப்பான்மையும் சாதி வேற்றுமையும் குடிகொண்ட இடம் அது என்பது அவர் கருத்து. அதே மாதம் 22ஆம் நாள், தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, கிராம ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்ற நெறி அரசியலமைப்பில் இடம் பெற்றது. அதுவே இன்றைய 40ஆவது பிரிவு.

இருவரில் யார் சொன்னது எங்கள் ஊருக்குப் பொருந்தும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதுவே பின்னர் என் ஆய்வுத் தலைப்பாயிற்று.

ஆய்வுப் பொருள்

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்டத் தகுதி அளித்தன. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. சட்டமன்றத்திற்கு நாம் ஆளை அனுப்புகிறோம். கிராம சபைக்கோ நாமே போகிறோம். அச்சபையின் வலிமைக்கு ஒடிசாவின் நியமகிரி மலை சான்று. அங்கே பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளிடமே கேட்குமாறு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 சபைகளும் வேண்டாம் என்றே தீர்மானித்தன.

இத்தகைய சபையில் எங்கள் பகுதி மக்கள் எந்த அளவுக்குப் பங்கேற்கிறார்கள் என்பதே என் ஆய்வு. பேருந்துச் செலவை எண்ணி, எங்கள் ஒன்றியத்திலேயே நான்கு ஊராட்சிகளைத் தேர்ந்தேன். அவற்றுள் என் ஊரும் ஒன்று. "சொந்த ஊரில் பழகிய கண்ணுக்குப் பாதிதான் தெரியும், கவனம்" என்று நெறியாளர் எச்சரித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

களப்பணியில் நேர்ந்தது

மூவாயிரம் பேருக்கு உட்பட்ட எங்கள் ஊராட்சியில் சபை நடக்க நூறு பேர் வேண்டும். உரிய அனுமதி பெற்றுப் பதிவேடுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எண்ணிக்கை நூற்றைச் சற்றே தாண்டியிருந்தது. அடுத்து வினாப்பட்டியலுடன் நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரைக்குச் சென்றேன். "கூட்டத்திற்குப் போவீர்களா?" என்று கேட்டேன். ஏறத்தாழ எல்லோரும் "போவோம்" என்றார்கள். பதிவேடும் விடைகளும் ஒத்துப்போயின. மக்கள் பங்கேற்பு நன்று என்ற என் கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டதாக மகிழ்ந்து, ஓர் இயலையே எழுதி முடித்தேன்.

அட்டவணையைச் சரிபார்ப்பதற்காக 2022 அக்டோபர் 2ஆம் நாள் பக்கத்தை மீண்டும் புரட்டியபோது என் தாயாரின் கையெழுத்தைக் கண்டேன். அவர் முன்பு கைநாட்டு வைப்பவர். நான் பள்ளியில் படித்த நாளில் சிலேட்டில் எழுதிப் பழக்கிய கையெழுத்து அது. எனக்கு ஐயம் எழ வழியில்லை. ஆனால் அந்த நாளில் அவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் இருந்தவன் நான்.

அன்று இரவு அவரிடம் கேட்டேன். "வேலை நடக்கிற இடத்துக்கே நோட்டு வந்துச்சுப்பா. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். மாட்டேன்னு சொன்னா அடுத்த வாரம் வேலை இருக்குமா?" என்றார்.

என் இரு சான்றுகளும் ஒத்துப்போன காரணம் அப்போது விளங்கிற்று. பதிவேடு கையெழுத்து வாங்கிய அதே கரையில், அதே பொறுப்பாளர் காதில் விழும்படி நானும் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரே அச்சத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு, அதைப் பங்கேற்பு என்று எழுதியிருக்கிறேன். இதில் இன்னொன்றும் உண்டு. அவ்வேலைக்குரிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, வேலையைக் கண்காணித்துச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கே அளித்திருந்தது. யாரைக் கேள்வி கேட்க என் தாயாருக்கு உரிமை இருந்ததோ, அவருக்கு அஞ்சியே அவர் கையெழுத்திட்டார்.

எழுதுவதா, விடுவதா?

இதை எழுதினால் ஊரில் பலருக்குத் தொல்லை வரலாம்; முதலில் என் தாயாருக்கே. எழுதாவிட்டால் என் ஆய்வேடு பொய். பல நாள் தயங்கிய பின் நெறியாளரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. எம். என். சீனிவாஸ் மைசூர்ப் பகுதியில் தாம் ஆராய்ந்த ஊரை 'ராம்புரா' என்ற மாற்றுப் பெயராலேயே எழுதியதை நினைவூட்டினார். ஊர்ப் பெயர்களை எழுத்துகளால் குறித்தேன். எழுதிய இயலை ஒதுக்கிவிட்டு, மாலை வேளைகளில் வீடு வீடாகச் சென்று மீண்டும் கேட்டேன். திண்ணையில் கிடைத்த விடைகள் வேறாக இருந்தன. வருகை என்று இருந்த அட்டவணைத் தலைப்பைக் 'கையெழுத்து' என்று மாற்றினேன்.

அந்த மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. இதை இம்மலரில் எழுதட்டுமா என்று என் தாயாரிடம் கேட்டேன். "எழுது. ஊர் பேரை மட்டும் போடாதே" என்று இசைந்தார்.

முடிவுரை

ஆவணம் பொய் சொல்வதில்லை. நாம் கேட்கும் கேள்விதான் தவறிவிடுகிறது. அப்பதிவேடு வருகைக்குச் சான்றன்று. யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. விடை எது என்று பார்ப்பதற்கு முன், அது எந்த இடத்தில், யார் முன்னிலையில் பெறப்பட்டது என்று பார்க்க வேண்டும். இரண்டு சான்றுகள் ஒத்துப்போனால் அவை ஒரே ஊற்றிலிருந்து வந்தனவா என்றும் பார்க்க வேண்டும்.

அம்பேத்கரின் ஐயமும் சந்தானத்தின் நம்பிக்கையும் எங்கள் ஏரிக்கரையில் அருகருகே இருப்பதாகவே எனக்குப் படுகிறது. சட்டம் தந்த இருக்கை அங்கே இருக்கிறது. அதில் அஞ்சாமல் அமரும் நிலை இன்னும் வரவில்லை. அது வருமா என்பதற்கும் என் வீட்டிலேயே ஒரு சிறு சான்று உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொன்ன என் தாயார், சற்று நேரம் கழித்து, "அடுத்த கூட்டம் எந்தத் தேதி?" என்று கேட்டார்.