ஏலம் போனால் மண்ணே போய்விட்டதா?

கோடையில் கண்மாய் வற்றினால் பேரையூர் பக்கம் வயலுக்குக் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல், அள்ளும் பேச்சுதான். "ஊர்க் கண்மாய், ஊர் மண், யாரைக் கேட்கணும்?" என்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும். கண்மாய் அரசுப் புறம்போக்கு; அதன் வண்டலும் களிமண்ணும் சிறுகனிமம். அதற்கு விதி போடுவது மாநில அரசு. 2024 ஜூலையிலிருந்து அனுமதியைத் தாசில்தாரே தருகிறார், உழவுக்குக் கட்டணம் கிடையாது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. கரம்பையை மட்டும் வழித்த இடம் தாம்பாளம் மாதிரி ஆழமில்லாமல் கிடக்கும். கிராவல் தெரியும்வரை செங்குத்தாகத் தோண்டிய பள்ளத்தைப் பார்த்தால், அந்த மண் வயலுக்குப் போகவில்லை என்று யாரும் சொல்லிவிடலாம். விவசாய அனுமதியைக் காட்டி வீட்டுமனைக்கு லோடு அடிப்பது திருட்டு.

இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை, ஏலம் விட்டதுமே சுரங்கம் வந்துவிட்டது என்பது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் ஏலத்தை இந்துஸ்தான் ஜிங்க் எடுத்ததாக 2024 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வந்தது. மொத்தம் 2,015.51 ஹெக்டேர். சமணப் படுக்கைகளும் பாண்டியர் காலக் குடைவரையும் உள்ள அரிட்டாபட்டியில், 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த 193 ஹெக்டேரும் அதற்குள் அடக்கம். மக்கள் பதறியதில் நியாயம் இருந்தது.

ஆனால் ஏலத்துக்கும் சுரங்க வெடிவைப்புக்கும் நடுவே படிகள் பல. 2023 சட்டத் திருத்தம் டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் வேலையை மத்திய அரசிடம் கொடுத்தது. உரிமம் தருவது இன்றும் மாநிலம்தான். ஏல வருவாயும் மாநிலத்துக்கே. மாநிலம் ஒப்புதல் கடிதம் கொடுத்து, பிறகு கூட்டு உரிமம் வழங்கினாலும், முதலில் துளையிட்டுக் கனிமம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் முடியும். இருப்பது உறுதியானால்தான் சுரங்கக் குத்தகை. சுற்றுச்சூழல் அனுமதி தனி, காடு என்றால் வன அனுமதியும் வேண்டும். நாயக்கர்பட்டியில் அந்த ஒப்புதல் கடிதமே தரப்படவில்லை. டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஜனவரி 7இல் விவசாயிகள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

"கிராம சபை தீர்மானம் போட்டால் போதும்" என்பதும் முழு உண்மை இல்லை. ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் கிராம சபைகள் பாக்சைட் சுரங்கத்தை நிறுத்தின. அங்கே வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் பின்னால் நின்றன. அது பழங்குடிப் பகுதி. மதுரைச் சமவெளியின் தீர்மானத்துக்கு அந்த வலு சட்டத்தில் இல்லை. அரசியல் வலு உண்டு, அது சின்ன விஷயமும் இல்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது கடைசி நம்பிக்கை: "எப்படியும் கலெக்டர் கருத்துக் கேட்பார், அன்றைக்குச் சொல்லிக்கொள்வோம்." முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவிட்டுவிட்டது. மேலூருக்கு இன்னொரு டங்ஸ்டன் ஏலம் வந்தால், கருத்துக்கேட்புப் பந்தலே போட வேண்டியதில்லை. எதிர்ப்போ ஆதரவோ, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே பேசியாக வேண்டும்.