ஏற்றமும் துலாவும்

கேள்வி: புகானனின் பயணக் குறிப்புகளில் எங்கள் துலாக் கிணறுகள் பற்றி ஏதும் உண்டா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: இல்லை. அந்தப் பயணத்தில் அவர் கடல் தாண்டி இலங்கைக்கு வரவில்லை. மைசூரின் திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருடம், 1800 ஏப்ரலில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் கட்டளைப்படி சென்னையிலிருந்து புறப்பட்டார் பிரான்சிஸ் புகானன். ஸ்கொட்லாந்து வைத்தியர், செடிகொடிப் பைத்தியம் வேறு. மைசூர், கோயம்புத்தூர், மலபார், கன்னடக் கரை என்று 1801 வரை அலைந்தார். அந்தப் பயணக் குறிப்பு நூல் 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வந்தது. இரும்பு உருக்குவோர், நெசவாளர் என்று ஒருவரையும் விடாமல் விசாரித்திருக்கிறார்.

உங்களுக்குப் பிடிக்கக்கூடியது கிணற்றுப் பகுதிதான். மாடு பூட்டி இறைக்கும் கபிலையையும், ஆள் மிதிக்கும் ஏற்றத்தையும் விவரிக்கிறார். ஏற்றம் நம்மூர்த் துலாதானே! ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, மற்றவர் பாத்திக்குத் தண்ணீர் மாறக் கட்டுவார். மோட்டர் வருமுன் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வளர்ந்தது அப்படித்தான்.

அவர் தரும் விளைச்சல் கணக்குகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கேட்டவர் கிழக்கிந்தியக் கும்பனிக்காரர், பதில் சொன்னவர் வரி கட்டுகிறவர். கமக்காரர் உள்ளதை மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் புகானனுக்கே இருந்தது.