மூக்குக்கு எட்டாதது

சிரஞ்சீவி நெல்லையப்பனுக்கு மாமா எழுதுவது.

காற்று மாசு டில்லிவாசிகளின் கவலை, பொதிகைத் தென்றல் தவழும் நம் சீமைக்கு அது எதற்கு என்று எழுதியிருந்தாய். இந்த அபிப்பிராயம் உன்னுடையது மாத்திரமன்று. நம் ஜில்லாவில் கற்றோரிடமும் கல்லாதோரிடமும் ஒருங்கே வேரூன்றியிருப்பது. ஆனால் 2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில், டில்லியோடு நம் அண்டையிலுள்ள தூத்துக்குடியும் இருக்கிறது.

மூக்குக்கு எட்டுவதே நமக்கு மாசு. கோடையில் நம்மூர் ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கு தீப்பற்றினால், அவ்வழியே போகிறவர்கள் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், சுற்றுப்புறத்தார் மனுக் கொடுக்கிறார்கள். நாற்றம் அடங்கியதும் அந்த விஷயமும் அடங்கிவிடுகிறது. 2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடி ஜனங்கள் கண்ணெரிச்சலாலும் தொண்டைக் கமறலாலும் அவதியுற்றபோது ஊரே கொதித்தெழுந்தது. அம்மாத முடிவுக்குள், அதற்குக் காரணமென்று கருதப்பட்ட அவ்வூர்த் தாமிர உருக்காலையை மூடும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. கந்தக டை ஆக்ஸைடு போன்ற வாயு நீரில் எளிதில் கரைவதாகையால், கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தைத் தொட்ட மாத்திரத்தில் எரிச்சலூட்டித் தன்னைக் காட்டிக்கொள்ளும். 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளோ தலைமயிர்க் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இராது; நாசியின் காவலைக் கடந்து நுரையீரலின் கடைசிக் காற்றறை வரையில் சென்று, ரத்தத்திலும் கலக்கவல்லது. அதற்கு நெடியில்லை, ஆகவே அதை எதிர்த்து மனுவும் இல்லை. கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை நம் தேசத்து விதி அனுமதிக்க, உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் விதித்த எல்லை 5 தான் என்பதை எண்ணிப் பார்.

பாளையங்கோட்டைத் தெருக்களில் விடியற்காலையில் நீயே பார்த்திருப்பாய். வேப்பஞ்சருகைக் கூட்டிக் குவித்து, பால் கவரையும் எண்ணெய்க் கவரையும் அதன்மேல் போட்டுக் கொளுத்துகிறார்கள்; கொசுவும் ஓடும் என்கிறார்கள். இரவில் குளிர்ந்த காற்று மேலெழாமல் தரையோடு கிடக்கும் வேளை அது. அந்த நுண்துகள் நிறைந்த புகை கலையாமல் வாசல்தோறும் நுழைகிறது. அன்றிரவு பாட்டிக்கு இழுப்பு வந்தால் பனியின்மேல் பழி போடுகிறோம். ஆலைப் புகையைக் கண்டிக்கத் துணிந்த நாம், சுத்தம் என்ற பெயரில் நம் கையால் எழுப்பும் புகையை மாசென்றே கருதாதது எனக்கு ஆறாத வருத்தம்.

புறவாசலில் குழி வெட்டிச் சருகை மூடும்படி உன் தாயாரிடம் சொல். கவர்களைத் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுக்கட்டும். அடுத்த முறை குப்பைக்கிடங்குக்காகக் கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம், நுண்துகளின் அளவை நாள்தோறும் ஊரறியப் பலகையில் எழுதவேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்க்கச் சொல்லி, முதல் கையெழுத்தை நீ போடு.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா