கடல்நீர் மீன்தொட்டி: முதலில் நீர், பின்னர் மீன்



வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்து கடற்கரைக் கிராமங்களில் வாழும் குடும்பங்களைச் சந்திக்கும்போது, இளைஞர்கள் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றார்கள். "பாதர், கையில் காணி இல்லை, பக்கத்தில் கடல் இருக்கிறது. அலங்கார மீன் வளர்த்து உழைக்கலாமா?" நியாயமான கேள்வி. ஆனால் கடன் எடுக்கும் முன் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதை ஒரு சிறிய தொட்டியில், குறைந்த செலவில் கற்கலாம்.

எங்கள் நிலையத்தில் வைத்த முதலாவது தொட்டி நான்கு நாளில் அழிந்தது. இளைஞர் ஒருவர் கடல்நீரை நிரப்பி, மறுநாளே ஆறு மீன்களை விட்டார். மூன்றாம் நாள் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காம் நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. "தண்ணி பளிங்கு மாதிரித்தானே இருந்தது, பாதர்" என்று அவர் கவலைப்பட்டார். அருகில் நின்ற வயதான தாயார் ஒருவர் சொன்னார்: "பச்சை எருவைப் போட்ட அண்டைக்கே கத்தரிக் கண்டு நட்டால் கருகிப் போகாதோ, தம்பி?"

அவர் மீன் வளர்த்தவர் அல்லர். ஆயினும் காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

1. நீருக்குள் நடக்கும் வேலை

மீனின் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அமோனியா உண்டாகின்றது. பச்சை எருவில் மூக்கை அரிக்கும் அதே பொருள்தான். அமோனியா கலந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். ஆனால் அது மீனின் பூக்களை எரித்துவிடும். கடல்நீர் காரத்தன்மை உள்ளது. ஆகையால் அதே அளவு அமோனியா நன்னீரை விடக் கடல்நீரில் கூடிய நஞ்சாகும்.

இதை மாற்றுவதற்கு இரண்டு வகைப் பற்றீரியாக்கள் உள்ளன. ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகின்றது. அதுவும் நஞ்சே. மற்ற வகை நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்குகின்றது. நைத்திரேற்று ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி 1890ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில் இந்த வேலையைச் செய்யும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவர் அவற்றைத் தேடியது மண்ணில். நாம் வயலுக்கு யூரியா போடும்போது அதைப் படிப்படியாக நைத்திரேற்று ஆக்குவதும் இவ்வகைப் பற்றீரியாக்களே.

ஆகவே விவசாயிக்கு இது புதிய பாடம் அல்ல. மண்ணைப் பதப்படுத்திய பின் நடுகின்றோம். அதுபோல நீரைப் பதப்படுத்திய பின்னரே மீன் விடவேண்டும்.

2. தொட்டியும் இடமும்

சிறிய தொட்டி இலகு என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் அழுக்கும் விரைவில் மாறும். 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி பழகுவதற்குப் போதும். மணலும் கல்லும் போக ஏறக்குறைய 90 லீற்றர் நீர் கொள்ளும். எல்லாம் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் பாரம் வரும். உறுதியான, மட்டமான மேசை வேண்டும். முதலில் சாதாரண நீரை நிரப்பி இரண்டு நாள் வைத்து ஒழுக்குப் பாருங்கள்.

தொட்டியை நேர் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நீர் சூடேற ஏற அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும்.

காற்றுப் பம்பி ஒன்றும், அதனுடன் இணைக்கும் ஸ்பொஞ் வடிகட்டி ஒன்றும் போதுமானவை. பம்பியை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இல்லையேல் மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய் வழியே பம்பிக்குள் இறங்கும். மின்வயர் செருகியிடத்துக்கு ஏறுமுன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். அப்போது வயர் வழியே வரும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

அடியில் கழுவிய பருமணலும் சிப்பி ஓட்டுத் துண்டுகளும் இடலாம். கிணறு வெட்டும்போது எடுத்த சுண்ணாம்புக்கல் கிடைத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி அடுக்குங்கள். பவளப்பாறையை உடைத்து எடுக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். 1998ஆம் ஆண்டு கடல் சூடேறியபோது நம் நாட்டுப் பவளப்பாறைகளில் பெரும்பகுதி வெளிறி இறந்தது. மீன் குஞ்சுகளுக்கு வீடாக மிஞ்சியிருப்பதை நாம் அழிக்கலாகாது.

3. கடல்நீர் எடுத்தல்

கறியுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்துகள் முன்னதாகவே படிந்துவிடும். மகனீசியம் உப்பு எடுத்த பின் எஞ்சும் கசப்பு நீரில் நின்றுவிடும். நம் கைக்கு வரும் உப்பு கடலின் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே கடல்நீரையே எடுக்கவேண்டும்.

• ஆற்றுவாய், களப்பு முகம், படகுகள் நிற்கும் துறை ஆகியவற்றுக்குத் தூரமாக எடுங்கள்.
• பெருமழை பெய்து சில நாட்கள் வரை எடுக்க வேண்டாம்.
• பூச்சிமருந்து வந்த கான், சவர்க்காரம் பட்ட வாளி, செம்பு அல்லது நாகம் பூசிய பாத்திரம் எதுவும் ஆகாது. மருந்துக் கானை எத்தனை முறை கழுவினாலும் நம்பவேண்டாம். வீட்டு நீருக்கும் இதே விதிதான்.
• சுத்தமான துணியில் வடித்து, மூடி, இருட்டில் இரண்டு கிழமை வைத்துத் தெளிந்ததை ஊற்றுங்கள்.

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. நன்னீரில் 1.000 காட்டும் நீர்மானி கடல்நீரில் 1.025 அளவைக் காட்டும். நீர்மானி ஒன்றை வாங்குவது பயனுள்ள செலவு.

4. நீரைப் பதப்படுத்தல்

நீர், மணல், கல், வடிகட்டி எல்லாம் வைத்தபின் மீன் விடாதீர்கள். நகத்தளவு இறால் துண்டு ஒன்றைத் தொட்டியில் இடுங்கள். அது அழுகி அமோனியா தரும். பற்றீரியாவுக்கு அதுவே உணவு. நன்றாக நடக்கும் தொட்டி ஒன்றிலிருந்து ஒரு பிடி மணல் கிடைத்தால், தயிருக்கு உறை இடுவதுபோல அதையும் சேருங்கள். பம்பி இரவும் பகலும் ஓடவேண்டும்.

முதலில் அமோனியா ஏறும். பின்னர் அது இறங்க நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்கியபின் நைத்திரேற்று மட்டும் மிஞ்சும். இதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் ஆகலாம். அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம் ஆனால்தான் தொட்டி பதம். சோதிக்கும் மருந்துப் பெட்டி விலை கூடியது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, அல்லது பாடசாலை மூலம், ஒன்று வாங்கலாம்.

5. மீன் சேர்த்தல்

விலையுயர்ந்த மீனில் பழகவேண்டாம். மொலி மீன் நன்னீரில் விற்கப்பட்டாலும் சிறிது சிறிதாகப் பழக்கினால் கடல்நீரில் வாழக்கூடியது. 20 லீற்றர் நன்னீரில் இரண்டு மூன்று மொலிகளை விட்டுக் காற்றூட்டுங்கள். நாளுக்கு 3 லீற்றர் நீரை எடுத்துவிட்டு, அதே அளவு கடல்நீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு கிழமையில் பத்தில் ஒன்பது பங்கு கடல்நீராகிவிடும். அதன்பின் தொட்டிக்கு மாற்றலாம்.

இவை இரண்டு மாதம் நலமாக இருந்தால் கோமாளி மீன் ஒரு சோடி சேர்க்கலாம். பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, ஒரு மணி நேரத்தில் கோப்பை கோப்பையாகத் தொட்டி நீரைப் பைக்குள் கலந்து, பிறகு மீனை மட்டும் விடுங்கள். ஒரே நாளில் பல மீன்களைச் சேர்க்கவேண்டாம்; பற்றீரியா பெருகுவதற்கு நாள் வேண்டும். முட்களில் நஞ்சுள்ள கடல் மீன்களும் உண்டு. தெரியாத மீனைக் கையால் பிடிக்காதீர்கள்.

6. நாளாந்தப் பராமரிப்பு

தீன்: நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பட்டினியால் இறக்கும் மீனைவிட மிகுதித் தீனால் இறக்கும் மீனே அதிகம்.

நீர்மட்டம்: நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவை நன்னீரால் நிரப்புங்கள். கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வரட்சியில் நம் வயல்கள் உவரானதும் இவ்வாறுதான். மழைநீர் சிறந்தது, முதல் மழையை விட்டு, தகரக் கூரையில் படாததைச் சேமியுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் வந்த நைத்திரேற்று மிகுந்துள்ளது. அந்நீர் தொட்டிக்கு நல்லதல்ல. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவும் ஏற்றதல்ல. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

கிழமைக்கு ஒருமுறை: பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். ஸ்பொஞ்சை அந்தக் கழிவு நீரிலேயே மெதுவாகப் பிழியுங்கள். குளோரீன் இட்ட குழாய் நீரில் கழுவினால் பற்றீரியா இறந்து, பழையபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

மின்வெட்டு: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் ஒட்சிசன் கரையும். மின்சாரம் வரும்வரை தீன் போடாதீர்கள்.

7. கடன்படுமுன்

உள்ளதைச் சொல்லவேண்டும். நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் கடல் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பாலானவை சுழியோடிகள் கடலில் பிடிப்பவை. வளர்ப்பில் பெருக்கப்படுபவை பெரும்பாலும் கப்பி போன்ற நன்னீர் மீன்களே. கடல் மீன் குஞ்சுக்கு முதல் நாட்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு உயிருணவு தேவை. அதை வளர்ப்பது தனித் தொழில். ஆகவே ஒரு தொட்டி வைத்தவுடன் வருமானம் வரும் என்று எவரும் சொன்னால் நம்பவேண்டாம்.

ஆறு மாதம் ஒரு தொட்டியை உயிரோடு காத்தவருக்கு, நன்னீர் மீன் வளர்ப்பு இலகுவாகக் கைவரும். அந்நிலையில், 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தரிடம் ஆலோசனை கேட்டு, அதன்பின் கடனைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் நிலையத்து இளைஞர் இரண்டாம் முறை ஏழு கிழமைகள் பொறுத்திருந்தார். வெறும் தொட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் நாள்தோறும் அளவுகளைக் கொப்பியில் எழுதிவந்தார். இப்போது அந்தத் தொட்டியில் நான்கு மீன்கள் நீந்துகின்றன. "நாத்துமேடை பதப்படக் காத்திருக்கிற மாதிரித்தான், பாதர்" என்கிறார்.

நீங்கள் காணியை இழந்திருக்கலாம். காணியில் கற்ற அறிவும் பொறுமையும் இன்னும் உங்களோடு இருக்கின்றன.

குழுவாகக் கலந்துரையாட:

1. தெளிவான நீர் எப்போதும் நல்ல நீரா? உங்கள் கிணற்று நீரைப் பற்றி என்ன அறிவீர்கள்?
2. பச்சை எருவுக்கும் புதிய மீன்தொட்டிக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
3. வெறுமையாகிவிட்ட மருந்துக் கான்களை உங்கள் ஊரில் என்ன செய்கின்றீர்கள்?
4. ஒரு தொழிலுக்குக் கடன் எடுக்கும் முன் அதைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது எவ்வாறு?