பிடி விடாத கை



நாவுலப் பக்கத்துத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் பலர் இப்போது பளு தூக்கிப் பழகுகிறார்கள். சிலர் டவுனுக்குப் போய்ப் பழகுகிறார்கள். மற்றவர்கள் பெயின்ட் டின்னில் சீமெந்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகி, லயத்துக்குப் பின்னாலேயே பழகுகிறார்கள். இவர்களோடு பேசும்போது நாங்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "முதுகு தாங்குது சேர், காலும் தாங்குது. கைதான் விட்டுப் போகுது."

கை விட்டால் பாரம் காலில் விழும். அதனால் எத்தனை நாள் பேர் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனவே இம்முறை கைப்பிடியைப் பற்றிப் பார்ப்போம்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்கு வந்து இழுக்கின்றன. தசை சீக்கிரம் பெலப்படும். தசைநாண் பெலப்படக் கூடுதல் காலம் பிடிக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு மணிக்கட்டும் முழங்கையும் நோவது இதனால்தான்.

வேலூரைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அன்ட் ஜேர்க் முறையில் 179, மொத்தம் 328 கிலோ. 2018இலும் தங்கம் அவருக்கே. அவருடைய தகப்பனாரும் பளு தூக்கியவர்தான். நம் நாட்டின் திலங்க இசுரு குமார 2022இல் பர்மிங்காமில் 55 கிலோ பிரிவில் மொத்தம் 225 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். இப்போட்டிகளில் கையைக் கம்பியோடு பட்டியால் கட்டிக்கொள்ள விடமாட்டார்கள். வெறும் கையும் மகனீசியம் காபனேற்றுத் தூளும்தான். அந்தத் தூள் கை வியர்வையை உறிஞ்சி, வழுக்காமல் காக்கும்.

பளு தூக்குவோர் பெருவிரலை முதலில் கம்பியைச் சுற்றி வைத்து, அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் போட்டு அழுத்துவார்கள். இதைக் கொக்கிப் பிடி என்கிறார்கள். முதல் சில வாரம் பெருவிரல் நோகும். குறைந்த பாரத்தில் பழகினால் சரியாகிவிடும்.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு பயிற்சிகள்:

1. தொங்குதல். உறுதியான கம்பியிலோ மரக்கிளையிலோ 10 விநாடி தொங்குங்கள். மூன்று தடவை போதும். வாரத்துக்கு 5 விநாடி கூட்டி 30 விநாடிக்கு வாருங்கள்.

2. வாளி நடை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு வாளியில் ஐந்தைந்து லீற்றர் எடுத்து, நிமிர்ந்து 20 அடி நடவுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாளிப்பிடி கையை வெட்டினால் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

3. செங்கல் பிடி. ஒரு செங்கல்லைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்தபடி 10 விநாடி நில்லுங்கள். காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

4. விரல் விரித்தல். ஐந்து விரலையும் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு 15 தடவை விரியுங்கள். நாள் முழுக்க மடக்கியே வேலை செய்யும் கைக்கு இது மிகவும் நல்லது.

இவற்றை வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், மற்றப் பயிற்சிகளுக்குப் பிறகு செய்தால் போதும். கவ்வாத்து வெட்டிய நாளில் செய்ய வேண்டாம். அன்று கை ஏற்கெனவே தன் பயிற்சியை முடித்துவிட்டது. உள்ளங்கையில் காய்ப்பு தடித்தால் குளித்த பின் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். விட்டால் கம்பியில் மாட்டித் தோல் கிழியும்.

கொழுந்து பறிக்கும் நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகிறதா? கையை உதறினால்தான் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் அப்படி வரலாம். அதற்குப் பயிற்சி மருந்தல்ல. "வேலை செய்யிற கைக்கு நோகத்தானே செய்யும்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நாளாகிவிட்டால் பெருவிரல் அடித்தசை தேய்ந்து, பிடியே குறைந்துபோகும்.

2015இல் 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், கைப்பிடி குறைந்தவர்களிடம் இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது. பிடி குறைவது உடல் தரும் ஓர் அறிகுறி. ஆகவே பிடி திடீரென்று தளர்ந்தால், வயது எதுவானாலும் கவனியுங்கள்.

தம்பிமாரே, அடுத்த சம்பளத்தில் கூடுதல் பாரம் வாங்குவதற்கு முன், இந்த மாதம் ஒரு வாளியும் ஒரு செங்கல்லும் எடுத்துப் பழகிப் பாருங்கள். நம்மைப் பிழைக்க வைக்கும் கை இது. பெலப்படுத்துவோம், பாதுகாப்போம்.