பக்கத்துப் பிள்ளையால் படிப்பு கெடாது

ஜூன் மாதம் பிறந்தால் மங்கலம்பேட்டைத் தெருக்களில் விருத்தாசலத்துத் தனியார் பள்ளி வேன்கள் வருகின்றன. கூடவே ஒரு பேச்சும் வருகிறது. "கவர்மெண்டு ஸ்கூல்ல யாரு புள்ளைங்க படிக்குதுன்னு பாத்தீங்களா? அதுங்களோட உக்காந்தா நம்ம புள்ள எப்படி சார் படிக்கும்?" டீக்கடையோடு நின்றால் போகட்டும் என்று விடலாம். படித்தவர்கள், அதிலும் அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு இதைச் சொல்கிறார்கள். பள்ளியின் தரத்தைப் பேச யாருக்கும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. சாதியும் மதமும் பேசத்தான் அது வேண்டியிருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் நம் கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. இவர்களோடு முஸ்லிம் வீடுகள், கூலிக்குப் போகும் மற்ற வீடுகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, யாரை வைத்து ஊர்ப் பள்ளிக்கூடம் நடத்துவதாக உத்தேசம்?

சரி, படிப்பை மட்டுமே பேசுவோம். ஏழைப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் மற்றப் பிள்ளையின் படிப்பு கெடுமா? இதை ஊகிக்கத் தேவையே இல்லை. பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆந்திரத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். 2008இல் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்து, கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டு கழித்துத் தேர்வு வைத்தால், குலுக்கலில் வென்ற பிள்ளைக்கும் தோற்ற பிள்ளைக்கும் தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிக்குப் போனவர்கள் முன்னே இருந்தார்கள். நமக்கு வேண்டியது அடுத்த முடிவு. இந்த ஏழைப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததால், அந்தத் தனியார் பள்ளிகளில் முன்பே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கவில்லை. ஆய்வு வெளியானது 2015இல். நம் ஊர் டீக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

டெல்லியில் பணக்காரத் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டிவந்தபோது, அதன் விளைவை கௌதம் ராவ் என்பவர் ஆராய்ந்தார். வசதியான பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சிறு சறுக்கல். கணக்கிலும் இந்தியிலும் ஒன்றுமில்லை. ஏழைப் பிள்ளைகளை ஒதுக்கும் வழக்கம் மட்டும் அவர்களிடம் குறைந்தது. கெட்டுப்போவது என்று இதைத்தான் சொல்கிறீர்களா?

பின் ஏன் தனியார் பள்ளிப் பிள்ளை கெட்டிக்காரனாகத் தெரிகிறான்? எழுத்துக்கூட்டிக் காட்ட வீட்டில் அம்மா இருக்கிறாள். சாயங்காலம் டியூஷன். அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ இடையில் போக வேண்டிய கட்டாயம் கிடையாது. வீடு செய்த வேலைக்குப் பள்ளிக்கூடம் பெயர் வாங்கிக்கொள்கிறது.

அரசுப் பள்ளியில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'ஏசர்' ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குச் சுமார் 10 பேர். 2022இல் 5 பேர்கூட இல்லை. 2024இல் மறுபடி 10ஐத் தாண்டியது. வெட்கப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் அது இறங்கி ஏறியதைப் பாருங்கள். அந்த ஆறு ஆண்டில் ஊரின் சாதிக்கணக்கா மாறியது? கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பள்ளி மூடியதும் விழுந்தது, திறந்ததும் எழுந்தது. 'அந்தப் பிள்ளைகள்' அதே பிள்ளைகள்தான்.

குறைக்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். வகுப்போ ஐந்து. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து, நான்காம் வகுப்புக்கு வகுத்தல், இடையில் 'எமிஸ்' இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு என்று ஒரே ஆசிரியர் ஓடுகிறார். பேச்சை நம்பி நீங்கள் பிள்ளையை எடுத்துவிட்டால் எண்ணிக்கை குறைகிறது. உபரி ஆசிரியரை இடம் மாற்றும் பணிநிரவலில் ஆசிரியர் வேறு ஊருக்குப் போகிறார். இருக்கிற பிள்ளைகளின் படிப்பு அடிவாங்குகிறது. அப்புறம், "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்!"

அரசுப் பள்ளி பற்றிய மற்றப் பேச்சுகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. "தமிழ் மீடியம் மட்டும்தான்": இல்லை, 2012-13 முதலே அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டுள்ளன. "எல்லாரையும் பாஸ் போடுறாங்க": எட்டாம் வகுப்பு வரை அது தமிழ்நாட்டில் தனியாருக்கும் உள்ள விதி. "சோத்துக்குத்தான் வருதுங்க": 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் உண்டு. பசித்த பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் படிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அக்கறை உண்மையானால் ஒரு வேலை சொல்கிறேன். 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று தரம் பிரித்து, சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை அரசு பள்ளிகளுக்குக் கொடுத்தது. கிழிந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் பீரோவுக்குள் பூட்டிவைத்த பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்து கற்ற பிள்ளை வாசிக்கப் புத்தகமின்றி எழுத்தையே மறக்கிறது. மேலே சொன்ன மூன்றாம் வகுப்பு வாசிப்புக் குறையில் பாதி அங்கேதான் விழுகிறது என்பது என் கட்சி. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு புத்தகம் பிள்ளை கையில் வீட்டுக்கு வர வேண்டும், கிழிந்தால் யாரையும் கேட்கக் கூடாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்.