மடக்குக் கத்தியின் ஸ்பிரிங் நீண்ட நாள் உழைக்க

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வாழைநார் நறுக்கும் கத்தியோ, கிள்ளான் சரக்குக் கடையில் அட்டைப் பெட்டி பிரிக்கும் கத்தியோ, கூர் போனால் கைக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தால் அப்படித் தெரிவதில்லை. அலகு விரல்மேல் மடங்கும்போதுதான் பலர் அதைக் கவனிக்கிறார்கள்.

அடிக்கடி திறந்து மூடுவதால் ஸ்பிரிங் கெட்டுவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். ஒரு நாளைக்கு 20 முறை திறந்தால் ஆண்டுக்கு 7,300 முறை ஆகிறது. நன்றாகப் பதப்படுத்திய தடித்த எஃகு ஸ்பிரிங்குக்கு இது பெரிய வேலை இல்லை. அதைக் கெடுப்பது துரு. துரு அரித்த சிறு குழியில் அழுத்தம் குவிந்து, விரிசல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. உலர்ந்த நிலையில் லட்சக்கணக்கான முறை வளையக்கூடிய எஃகு, உப்பும் ஈரமும் சேர்ந்தால் அதற்கு வெகு முன்பே முறியலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றில் ஆண்டு முழுக்க ஈரம் இருக்கிறது. போர்ட் கிள்ளான் பக்கம் கடலுப்பும் சேர்கிறது. சட்டைப்பையில் வைத்தால் வியர்வையின் உப்பு வேறு. எனவே இங்கே ஸ்பிரிங்கைக் காப்பது என்றால் பெரும்பாலும் அதை உலர்வாக வைத்திருப்பதுதான்.

1. உங்கள் கத்தி எந்த வகை என்று பாருங்கள்

முதுகு ஸ்பிரிங்: விக்டோரினாக்ஸ் சிறு கத்திகள் இந்த வகை. தட்டையான எஃகுப் பட்டை ஒன்று அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது. அதைப் பூட்டு என்று சொல்ல முடியாது. இந்நிறுவனம் அலகுக்கு வைக்கும் கடினம் ராக்வெல் அளவில் 56, ஸ்பிரிங்குக்கு 49. வளைய வேண்டிய பாகம் மிகக் கடினமாக இருந்தால் முறிந்துவிடும் என்பதால் இந்த வேறுபாடு.

லைனர் லாக், ஃபிரேம் லாக்: கைப்பிடியின் உள்தகடோ, கைப்பிடியின் ஒரு பக்கமோ உள்ளே வளைந்து அலகின் பின்புறம் முட்டுக்கொடுக்கும். தகடே ஸ்பிரிங், தகடே பூட்டு.

குறுக்குக் கம்பிப் பூட்டு: பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ஆக்சிஸ் லாக் இந்த வகை. இரு பக்கமும் உள்ள மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகள் ஒரு குறுக்குக் கம்பியைத் தள்ளிப் பிடிக்கின்றன. பலமுறை வளைந்தே முறியக்கூடியவை என்றால் இந்த மெல்லிய கம்பிகள்தான்.

முதுகு ஸ்பிரிங்கே இல்லாதவை: பிரான்ஸின் ஓப்பினெல் கத்தியில் 1955 முதல் ஒரு சுழல் வளையம் பூட்டாக இருக்கிறது. எண் 6 முதல் பெரிய அளவுகளில் அது உண்டு. ஜப்பானின் ஹிகோனோகாமியில் பூட்டே கிடையாது. அலகின் பின்னால் நீட்டியிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும்.

2. மாதம் ஒரு முறை சோதியுங்கள்

தடித்த கையுறை போட்டுக்கொண்டு, விரல்கள் அலகு மடங்கும் பாதையில் இல்லாதபடி பிடியுங்கள்.

அலகைத் திறந்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் பெரும்பாலும் அச்சுத் திருகாணிதான் தளர்ந்திருக்கும். சிறிது முறுக்கினால் சரியாகும். மேலும் கீழுமாக ஆடினால் பூட்டோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது.

லைனர் லாக் என்றால் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். புதுக் கத்தியில் தகடு அலகின் அடிப்பரப்பில் ஒரு பகுதியைத்தான் மறைத்திருக்கும். தேயத் தேய அது எதிர்ப்பக்கம் நகரும். எதிர்த் தகட்டைத் தொட்டுவிட்டால் இனி நகர இடமில்லை. அதோடு அந்தக் கத்தியின் ஆயுள் முடிந்தது. டைட்டானியம் தகடு துருப்பிடிக்காது என்றாலும் எஃகில் உராய்ந்து தேயும். அதனால்தான் நல்ல ஃபிரேம் லாக்குகளில் முட்டும் முனைக்கு எஃகுத் துண்டு பதிக்கிறார்கள்.

குறுக்குக் கம்பி வகையில் கம்பியைப் பின்னே இழுத்து விடுங்கள். மெதுவாகவோ சாய்ந்தோ திரும்பினால் ஒரு ஸ்பிரிங் முறிந்திருக்கலாம். மறு ஸ்பிரிங் தாங்கும், ஆனாலும் உடனே மாற்றிவிடுங்கள்.

முதுகு ஸ்பிரிங் வகையில் பாதி திறந்து விரலால் தடையை உணருங்கள். தடை குறைந்து அலகு தொளதொளவென்று ஆடினால் ஸ்பிரிங் இளகிவிட்டது.

மேசை விளிம்பில் அலகின் முதுகை ஓங்கி அடித்துச் சோதிக்க வேண்டாம். அந்த அடியே பூட்டைக் கெடுக்கும்.

3. அழுக்கை எடுங்கள்

வாழைக்கறை முதலில் நீர்போல இருக்கும். காய்ந்ததும் ஸ்பிரிங்கின் இடுக்கில் கரும்பிசினாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெட்டிக் கத்தியில் டேப்பின் பசையும் அட்டைத் தூளும் கலந்து அரைக்கும் பொடியாகிவிடும்.

வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புப் போட்டு, அலகைப் பலமுறை திறந்து மூடிக் கழுவுங்கள். பழைய பல் துலக்கியால் ஸ்பிரிங்கின் இடுக்கைத் தேயுங்கள். பசைக்கு ஆல்கஹால் தடவிய துணி போதும். ஓப்பினெல்லின் மரக் கைப்பிடியை மட்டும் நனைக்க வேண்டாம். மரம் ஊறி அலகைக் கவ்விக்கொள்ளும்.

4. உலர்த்தி எண்ணெய் விடுங்கள்

துடைத்த பிறகு திறந்த நிலையில் காற்றாடிக்கு முன் வைத்து நன்றாக உலரவிடுங்கள். பிறகு அச்சில் ஒரு துளி, ஸ்பிரிங் முட்டும் இடத்தில் ஒரு துளி எண்ணெய். அதிகம் விட்டால் தூசி சேரும்.

சமையலறையில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடாதீர்கள். நல்லெண்ணெய் நாளடைவில் காய்ந்து பிசினாகும், தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை எடுக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. பழமோ காயோ நறுக்கும் கத்திக்கு உணவுத் தர மினரல் எண்ணெய் வாங்குங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றும், ஆனால் நீண்ட நாள் மசகாக நிற்காது. அதன்மேல் எண்ணெய் வேண்டும்.

5. வைப்பதிலும் கவனம் வேண்டும்

குளிர்சாதன அறையிலிருந்து வெயிலுக்கு வரும்போது குளிர்ந்த உலோகத்தில் நீர் படியும். வந்ததும் துடைத்துவிடுங்கள். தோல் உறையில் நாள்கணக்கில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். பாதி திறந்த நிலையில் வைக்காதீர்கள். பல முதுகு ஸ்பிரிங் கத்திகளில் ஸ்பிரிங் அதிகம் வளைவது அந்த இடைநிலையில்தான். லைனர் லாக்கை விடுவிக்கும்போது தகட்டைத் தேவைக்கு மேல் விரலால் நெம்பினால் அதன் வளைவே போய்விடும்.

வேலை இல்லாத நேரத்தில் வீட்டிலோ கடையிலோ வைத்துவிடுங்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கக்கூடிய ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பட்டனை அழுத்தினால் தானே திறக்கும் கத்தி அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலிலேயே உள்ளது.

6. எப்போது விட்டுவிட வேண்டும்

ஸ்பிரிங்கில் குழித்துரு கண்ணுக்குத் தெரிந்தாலோ, பூட்டு ஒரு முறை நழுவினாலோ அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள். இளகிய ஸ்பிரிங்கை நெருப்பில் காட்டி நிமிர்த்தப் பார்த்தால் பதம் போய் மேலும் இளகும். ஓப்பினெல்லின் தளர்ந்த வளையத்தை மட்டும் கழற்றி, குறடால் மெல்ல நெருக்கிப் போடலாம்.

அடுத்த கத்தி வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள்: ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகா, திருகாணியைக் கழற்றித் துடைக்க முடியுமா, மாற்று ஸ்பிரிங் கிடைக்குமா. நம் ஊர் ஈரத்தில் அலகின் கூர்மையைவிட இந்த மூன்றுக்கும்தான் அதிகம் விலை கொடுக்கலாம். கூர்மையை எப்போது வேண்டுமானாலும் சாணைக்கல்லில் திரும்பப் பெறலாம்.